பெட்டியைக் கழற்றிப் பார்த்த ஊர்

சவூதியிலிருந்து வந்த கலர் ரீவி கல்முனையில் கறுப்பு வெள்ளையாகப் படம் காட்டும். எண்பதுகளில் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோரத்து ரீவி திருத்தும் கடைகளுக்கு இது பழகிய வியாதி. சத்தம் சரியாக வரும், படம் ஆடாமல் நிற்கும், நிறம் மட்டும் வராது. வருடக்கணக்கில் வெயிலில் உழைத்த காசில் வாங்கி, விமானத்தில் ஏற்றி, கட்டுநாயக்கவிலிருந்து வேனில் கொண்டு வந்து மண்டபத்தில் வைத்த பெட்டி. வீட்டார் மனம் எப்படி இருக்கும்! பழுதான செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிடும்.

பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. சவூதி அரேபியா அக்காலத்தில் பிரான்ஸ் உருவாக்கிய சீகாம் முறையில் ஒளிபரப்பியது. 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கிய நமது ரூபவாஹினி, ஜேர்மனியின் டெலிபுங்கன் கம்பனியில் வால்டர் புரூக் வடிவமைத்த பால் முறையைப் பின்பற்றியது. இரண்டிலும் படத்துக்கு 625 கோடுகள்தான். படத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தூரமும் இரண்டிலும் 5.5 மெகாஹேர்ட்ஸ்தான். அதனால் படமும் சத்தமும் இடறாமல் வந்தன. நிறத்தைச் சுமந்து வரும் அலையைப் படிக்கும் முறை மட்டும் வேறு. சீகாம் மட்டும் தெரிந்த செட்டுக்கு பால் நிறம் புரியாது. இரண்டும் தெரிந்த செட்டைப் பார்த்து வாங்கி வந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள்: “காக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்.”

காக்கா மூடியைக் கழற்றுவார். நிறத்தைப் பிரிக்கும் பகுதியைத் தேடிப் பிடித்து, பால் முறைக்கான சின்னப் போர்ட் ஒன்றை உள்ளே ஈயம் வைத்து ஒட்டுவார். ரூபவாஹினி நிறத்தோடு வரும். அந்தக் கடைகளில் உதவிக்கு நின்ற பொடியன்கள் ஈயக்கோலின் நுனியில் கற்ற மின்னணுவியலை எந்தப் பாடசாலையும் அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கைகளைப் பற்றியது. கல்முனைக்குடி, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கரையில், படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் தூரத்தில் இருப்பவரோடு பேசவும் வந்த சாமான்களைத் திறந்து பார்த்து, மாற்றிக் கட்டி, ஊருக்கு ஏற்றபடி ஓடவைத்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சிலருக்கு அது தொழில். பலருக்கு வேலை முடிந்து வந்த பின் இரவில் செய்யும் ஆசை. அந்த ஆசையை ஊர் இன்னும் உரிய இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

ரீவிக்கு முந்தியது கெசட். 1963இல் பிலிப்ஸ் கம்பனி வெளியிட்ட அந்தச் சின்ன நாடாப் பெட்டியைப் பாட்டுக் கேட்கும் பொருளாகத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இங்கே அது கடிதமாகவும் இருந்தது. றியாத்திலும் தோஹாவிலும் இருந்த வாப்பா ஒரு பக்கம் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிடுவார். உம்மா மறுபக்கத்தில் பேசி, போகிறவர் கையில் திருப்பி அனுப்புவா. எழுதத் தெரியாதவரும் பேசலாம், பிள்ளை அழுவதும் கோழி கூவுவதும் சேர்ந்து பதியும். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் அறுபது நிமிட நாடாவைத்தான் விவரம் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். தொண்ணூறு நிமிட நாடா மெல்லியது, மலிவான ரெக்கோடரில் சிக்கிக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ரெக்கோடரின் ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அங்கே பதிந்த மெஷினில் அது மயிரிழை சாய்ந்திருந்தால், இங்கே நேராக நிற்கும் மெஷினில் அந்தக் குரல் அமுங்கிக் கேட்கும். மேல் ஓசைகள் செத்து, ‘ச’வும் ‘ஸ’வும் தெளியாது. அதற்கு வைத்தியம் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் திருகாணி. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய ஸ்குரூ ட்ரைவரால் அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்ப வேண்டும். ஒரு புள்ளியில் குரல் சட்டென்று திறந்துகொள்ளும், பேசுபவரின் மூச்சுகூடக் கேட்கும். கேட்டு முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலுள்ள மற்ற கெசட் எல்லாம் அமுங்கிவிடும். இதைச் செய்யத் தெரிந்த பொடியனுக்கு அயலில் இருந்த மரியாதையே தனி. கடல் கடந்த குரலை அவன்தான் தெளிவாக்கிக் கொடுத்தான்.

தொண்ணூறுகளில் ‘கொமினிகேஷன்’ கடைகள் வந்தன. நிமிடத்துக்குக் காசு எண்ணிப் பேசும் பழக்கமும் வந்தது. கெசட் கடிதம் ஓய்ந்தது. வீடுகளில் மிஞ்சிய அந்த நாடாக்களை இன்றைக்கே கணினிக்கு மாற்றி வைக்க வேண்டும். நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரக்காற்றில் கெட்டுப்போகும். நமது ஊர்க்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

அன்டனாவின் கதை இதைவிடக் கடினமானது. பிதுருதலாகல மலை 2,524 மீற்றர் உயரம். அதன் உச்சியிலிருந்து வரும் ரூபவாஹினி அலை கல்முனையை அடைய ஏறத்தாழ 125 கிலோமீற்றர் கடக்க வேண்டும். அதைப் பிடிக்க நீளக் குழாயின் தலையில் பல கைகள் வைத்த யாகி அன்டனாவை மேற்குப் பார்த்துத் திருப்பினோம். 1926இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் கண்டுபிடித்த அமைப்பு அது. பெரும்பகுதி வேலையைச் செய்த உதாவின் பெயர் வழக்கில் காணாமல் போய்விட்டது.

அலுமினியக் குழாயும் அளவுநாடாவும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் நடுக்கையின் நீளம் மீற்றரில் கிடைக்கும். ஐந்தாம் அலைவரிசைக்கு நடுவில் 178 என்று வைத்தால் 80 சென்டிமீற்றர். அதற்குப் பின்னால் சற்று நீளமான கை ஒன்று, முன்னால் படிப்படியாகக் குறுகும் கைகள். ஆனால் இந்தக் கரையில் அன்டனா செய்வது பாதி வேலைதான், அதைக் காப்பது மீதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் அறையும், வாடைக்காற்றில் உப்பும் மழையும் சேர்ந்து அறையும். அலுமினியக் குழாயில் செம்புக் கம்பியை நேரடியாக முறுக்கினால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் உப்பு நீர் புகுந்து ஒரு பருவத்துக்குள் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். படம் புள்ளி புள்ளியாகும், வீட்டார் ரீவியைக் குறை சொல்வார்கள். இணைப்பில் கிறீஸ் பூசி, சைக்கிள் ரியூப் ரப்பரை இழுத்துச் சுற்றிக் கட்டினால் அது வருடக்கணக்கில் நிற்கும். வெளியூர் அன்டனா விற்பனையாளர் எவரும் இதைச் சொல்லித்தரவில்லை. கடல் சொல்லித்தந்தது.

வானொலிக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு ஆழமானது. கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். எனவே இங்கே சூரியன் கொழும்பைவிட எட்டு நிமிடம் அளவில் முன்னதாக மறையும். நோன்பு காலத்தில் இது சின்ன விடயமா? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையை ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தாலும், நோன்பு திறக்க ஊர்ப்பள்ளியின் பாங்கையே எதிர்பார்த்தோம். பள்ளியின் அம்ப்ளிபயர் கொரகொரத்தால் மஃரிபுக்கு முன் அதைச் சரிசெய்ய ஓடியவர்களும் இதே ஈயக்கோல்காரர்கள்தான். பின்னாளில் இந்தப் பகுதி முஸ்லிம்களுக்கென்று பிறை எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியபோது, சொந்த ஊரின் நேரமும் சொந்த ஊரின் பேச்சும் பெட்டிக்குள்ளிருந்து வருவது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரிந்தது.

இலங்கை வானொலியே ஓர் ஆர்வலரின் கைவேலையில் பிறந்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் தொடக்கத்தில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை வானலையில் விட்டுப் பார்த்தார். அவருடைய ஒலிபரப்புக் கருவி, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டது என்று வரலாறு சொல்கிறது. ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வயர்லெஸ் கழகத்தையும் தொடங்கினார். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. கழற்றி எடுத்த பாகங்களிலிருந்துதான் ஆசியாவின் மூத்த வானொலிகளுள் ஒன்று எழுந்தது.

ஐம்பது வருடம் கழித்து இன்னொரு சோதனை, அதுவும் கொழும்பில், அதுவும் ஒரு வீட்டில். செய்மதிகளை 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினால் அவை வானில் அசையாது நின்று உலகம் முழுவதற்கும் அலை அஞ்சல் செய்யும் என்று 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கையில் குடியேறிய அவருடைய கொழும்பு வீட்டில், 1975 ஓகஸ்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஐந்து மீற்றர் அளவான டிஷ் ஒன்றை நிறுத்தினார்கள். ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செய்மதி வழியாக இந்தியா தன் கிராமங்களுக்கு ஒளிபரப்பிய சைட் என்ற கல்வித் திட்டத்தை அவர் வீட்டிலிருந்தே பார்த்தார். இந்த நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லாத காலம் அது. நமது முதல் தொலைக்காட்சியான ஐரிஎன் 1979 ஏப்ரலில்தான் வந்தது.

கிளார்க்கின் டிஷ்ஷைவிட என்னை ஈர்ப்பது அதே திட்டத்தின் மறுபக்கம். இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் வைக்கப்பட்ட டிஷ்கள் மூன்று மீற்றர் அகலமானவை, அவற்றின் முகம் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் ஆனது. 860 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீற்றர் என்பதால் வலையின் சின்ன ஓட்டைகள் அதற்குத் தெரியவே தெரியாது. வலையும் அதற்குத் தகடுதான். மலிவும் அறிவும் கைகோத்தால் எதுவரை போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போர்க்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொண்ணூறுகளில் பற்றரிக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காது கொடுத்தார்கள். இரவில் பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் பிடிக்கச் சுவரில் ஆணியடித்து நீளக் கம்பி கட்டியது வடக்கு கிழக்கு எங்கும் நடந்தது. என்ன நடந்தது, எங்கே பாதை மூடியது, யார் உயிரோடு இருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கம்பி வழியாக வந்தது. சிற்றலையில் அந்தச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. கம்பி கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வழக்கத்தில் வந்தவன் நான். இப்போது என் மேசையில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது 2022இல் கற்றது. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான வைஃபை ரவுட்டர்களின் அடியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைச் சின்ன அடப்டர் 12 ஆக்கிக் கொடுக்கிறது. 12 வோல்ட் பற்றரி கையில் இருந்தால் அந்தச் சுற்றே தேவையில்லை. 7 அம்பியர்மணி கொண்ட சின்ன பற்றரியில் 84 வாட்மணி இருக்கிறது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடிக்கக்கூடாது என்று வைத்தாலும், 8 வாட் குடிக்கும் ரவுட்டர் ஐந்து மணித்தியாலம் ஓடும். நேர் முனையில் ஒரு ஃபியூஸ் போட வேண்டும், முனைகளை மாற்றிக் கொடுக்கவே கூடாது. கட்டாரில் இருக்கும் மகனின் முகத்தை இருட்டு வீட்டில் பார்த்த உம்மாமாருக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கட்டிக்கொடுத்தவனுக்குத் தேவைப்பட்டது.

இரண்டாவதில்தான் என் மனம் முழுவதும் இருக்கிறது. கணினியில் ரீவி பார்ப்பதற்காக விற்ற, விரல் அளவு யூஎஸ்பி குச்சி ஒன்று உண்டு. அதன் உள்ளே ரியல்டெக் கம்பனியின் ஆர்டிஎல்2832யூ என்ற சில்லு. 2012 அளவில் உலகின் ஆர்வலர்கள் அதைத் தோண்டி, ரீவியை மட்டுமன்றிப் பரந்த அலைவரிசைகளில் எதையும் கேட்கும் வானொலியாக அதை மாற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான டொலர் விலைபோன கருவியின் வேலையை இருபது முப்பது டொலர்க் குச்சி செய்யத் தொடங்கியது. பழைய யாகியிலிருந்து கழற்றிய அலுமினியக் கைகள் இரண்டை 53 சென்டிமீற்றருக்கு வெட்டி, 120 பாகை விரித்து, படுக்கையாக மாடியில் வைத்தேன். ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைச் செய்மதி 800 கிலோமீற்றருக்கு மேல் உயரத்தில் தலைக்கு மேலே கடக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், 137.9 மெகாஹேர்ட்ஸில் அது அனுப்பும் படம் வரி வரியாகத் திரையில் இறங்கும். முதலில் இந்தியாவின் கரை, பிறகு நமது தீவு, கிழக்கே வங்காள விரிகுடா, அதன்மேல் முகில். இணையம் தேவையில்லை, கட்டணம் இல்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

வங்காள விரிகுடாவின் முகிலைப் பார்ப்பது இந்தக் கரைக்காரனுக்குப் பொழுதுபோக்கு மட்டுமாக இருக்க முடியாது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பையும் இந்தக் கரையையும் அடித்து நொறுக்கியதை மூத்தாப்பாமார் இன்றும் சொல்வார்கள். கூரை போனது, தென்னைகள் சரிந்தன. அன்றைக்கு இந்தக் கரையில் ஒருவரிடமும் இப்படியொரு படம் இல்லை.

2004 டிசம்பர் 26. சுமாத்ராவுக்கு அப்பால் கடல் அடி அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை 6.58. கடல் கல்முனைக்குடிக்குள்ளும் மருதமுனைக்குள்ளும் சாய்ந்தமருதுக்குள்ளும் ஏறி வந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் கழித்து. அந்த இடைவெளியில் ஒரு வார்த்தை இங்கே வந்து சேர்ந்திருந்தால்? இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நமது வீடுகளில் ரீவி இருந்தது, தொலைபேசி இருந்தது, செய்மதி டிஷ் இருந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் எந்தக் கம்பியிலும் வரவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அந்த நாட்களில் வேறு இரண்டு இடங்களில் என்ன நடந்தது என்பதை நமது ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தமானின் போர்ட் பிளேயரில், சொந்தக் கருவியால் வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ ஆர்வலர்களுள் ஒருவரான பாரதி பிரசாத் தன் குழுவோடு ஒரு ஹோட்டலில் தங்கி உலக ஆர்வலர்களோடு பேசும் பயணத்தில் இருந்தார். பூமி அதிர்ந்து, தீவின் தொடர்புகள் அறுந்தபோது, விளையாட்டுக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிகள்தான் பெருநிலத்தோடு பேசின. நாட்கணக்கில் அவர்கள் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நமது நாட்டிலும் விக்டர் குணதிலக தலைமையில் இலங்கை ரேடியோ சங்கத்தினர் செயலில் இறங்கினார்கள். சிறிய குழுவொன்று அம்பாந்தோட்டைக்குப் போய், கார் பற்றரியில் சிற்றலைக் கருவியை இயக்கி, கொழும்பில் பிரதமரின் அவசர மையத்தோடு தொடர்பை ஏற்படுத்தியது. கோபுரம் வேண்டாம், கம்பனி வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பற்றரி, ஒரு கம்பி, அதைக் கையாளத் தெரிந்த ஆள்.

பிறகு கருவிகள் வந்தன. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் 32 கரையோரக் கிராமங்களில் செய்மதி வானொலி, கையடக்கத் தொலைபேசி, தூரத்திலிருந்து இயக்கும் எச்சரிக்கை மணி என்று பலவற்றைச் சோதித்துப் பார்த்தன. அதில் செய்மதி வானொலியைத் தந்த வேர்ல்ட்ஸ்பேஸ் கம்பனி 2008இல் வங்குரோத்தானது. வாங்கிய பெட்டிகள் ஊமையாகின. வெளியிலிருந்து வரும் கருவியை மட்டும் நம்பினால் அது போகும்போது நாமும் ஊமையாகிறோம். ஊரிலேயே கைப்பழக்கமான அறிவு இருந்தால் வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

இன்றைய கைத்தொலைபேசியைப் பாருங்கள். பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது, பற்றரியைக் கழற்ற முடியாது, உள்ளே தொட்டால் உத்தரவாதம் போய்விடும். கல்முனை பஸாரில் திரை மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பொடியன்களின் கை அபாரமானது, நுண்ணோக்கியின் கீழே மயிர் அளவு தடத்தில் ஈயம் வைக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் உடைந்த கண்ணாடியை மாற்றும் வேலை. அலை எப்படிப் பறக்கிறது, அன்டனா ஏன் அந்த நீளம் என்ற கதையை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாலைக்குள் விளங்கிக்கொள்வார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

எனவே கேட்கிறேன், ஊர்ப் பெரியவர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் பள்ளிவாசல் நிருவாகங்களிடமும். கல்முனை சாஹிறா போன்ற ஒரு பெரிய பாடசாலையில் ஒரு அறை கொடுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கிருந்து சனிக்கிழமைகளில் ஒருவர் வந்து பாடம் சொல்லட்டும். ஹாம் ரேடியோவுக்கான அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்துக் கொடுக்கிறது. பொடியன்களையும் பெண் பிள்ளைகளையும் அந்தப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துங்கள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஊருக்கு ஒருவர் அனுமதியோடு இருந்தால், அடுத்த முறை கோபுரங்கள் சாயும்போது இந்தக் கரை தனக்குள்ளேயும் கொழும்போடும் பேசிக்கொள்ளும். ஆழ்கடலுக்குப் போகும் நமது மீனவர் ரேடியோவில் பேசிப் பழகியவர்கள். அவர்களிடமிருந்து பிள்ளைகள் கற்க நிறைய இருக்கிறது.

செலவு கலியாண மண்டபம் ஒன்றின் ஒரு நாள் அலங்காரத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு, பழைய கருவி ஒன்றைத் தேடி வாங்கினால். சிற்றலை அனுப்பும் பெட்டி ஒன்று, 12 வோல்ட் பற்றரி ஒன்று, அதை நிரப்பச் சின்னச் சூரியத் தகடு. அன்டனாவுக்கு அதே பழைய கணக்குத்தான்: 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு 143ஐ வகுத்தால் 20 மீற்றர் கம்பி. நடுவில் வெட்டி இரண்டாக்கி, இணைப்பில் கிறீஸ் பூசி ரப்பர் சுற்றி, இரண்டு தென்னைக்கு இடையில் கட்ட வேண்டும். பரீட்சை எழுதும் வரை கேட்டுப் பழகலாம். அந்த அலைவரிசையில் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் தமிழிலேயே பேசிக்கொள்வார்கள்.